பெயர் கேட்காதவை

நான் இலுப்பைக்குடி, அவர் மாத்தூர்.
ஒரே கோயிலாக இருந்திருந்தால்
கழுத்தில் தாலி ஏறியிருக்காது.
கிட்னிக்கு விதி நேர்மாறு:
எவ்வளவு ஒன்றோ அவ்வளவு நல்லதாம்.
அவர் தம்பி சாத்தப்பனுக்கு ஆறுக்கு ஆறும் பொருந்தியது;
சர்க்கரை முந்நூறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
எனக்கு ஆறில் ஒன்று.
போதும் என்றார்கள்.

ஒன்பதாம் நாள் கிரியேட்டினின் இரண்டு புள்ளி ஒன்று.
மறுநாள் மூன்று புள்ளி நான்கு.
தேவகோட்டையிலிருந்து வேன் பிடித்து
மதுரைக்குப் பார்க்க வந்தவர்களில் ஒருவர்
ஆப்பிளை மேசையில் வைத்துக்கொண்டே சொன்னார்:
"என்ன இருந்தாலும் வேற கோயில் ரத்தம்."
நான் ஆப்பிளை நறுக்கவில்லை.

டாக்டர் பர்வீன் பயாப்சி தாளின் பின்பக்கம்
வட்டம் வட்டமாகப் போட்டார்.
பொருத்தம் பார்த்துச் சண்டைக்கு வரும் அணுக்களை
மாத்திரை தூங்க வைத்திருக்கிறது.
இவை வேறு. ரொம்பப் பழையவை.
மீனுக்கும் உண்டு, ஈக்கும் உண்டு.
ஊர் கேட்காது, பெயர் கேட்காது,
காயத்தை மோந்து வரும்.
உங்கள் கிட்னி ஐம்பது நிமிடம் பனிக்கட்டியில் இருந்ததல்லவா,
மூச்சுமுட்டிக் கிடந்ததற்குள்
சூடாய் ரத்தம் திரும்பப் பாய்ந்ததே,
அதுதான் முதல் அடி.
தம்பியுடையதாக இருந்தாலும் வந்திருக்கும்.
இவை போட்ட கூச்சலில்தான்
தூங்கியவற்றிலும் சில விழித்துக்கொண்டன.

எனக்குப் பள்ளத்தூர் சேவுகன் ஞாபகம் வந்தது.
பூட்டிய வீட்டுக்குக் காவல்.
ஐப்பசி மழையில் பின்கட்டுக் கதவு சாய்ந்த இரவு
விசில் ஊதித் தெருவையே எழுப்பினான்.
தடியோடு வந்தவர்கள் இருட்டில் அடித்தது
முதலில் ஓடிவந்து
கதவைத் தோளில் தாங்கி நின்ற ஆசாரியை.
யார் என்று ஒருவன் கேட்கவில்லை.
சேவுகனை வேலையைவிட்டு யாரும் நிறுத்தவும் இல்லை.
பிறகு கதவை யார் பார்ப்பது?

மூன்று நாள் ஸ்டீராய்டு சொட்டியது.
அவர் முகம் வெள்ளைப் பணியாரம்போல் உப்பியது.
சொன்னேன். சிரித்தார்,
தையலைப் பிடித்துக்கொண்டு.

இரவு என் விலாவைத் தடவிப் பார்த்தேன்.
அரிக்கிறது. ஆறுகிற புண் அரிக்கும்.
இங்கும் அவைதான் முதலில் வந்திருக்கும்,
அதே மோப்பம், அதே அவசரம்.
செத்ததைத் தின்று, அழுக்கை வாரி,
ஓரங்களைக் கூட்டிவிட்டுப் போயிருக்கின்றன.
எதைத் திட்டுவது?

விடிகாலை நாலரை.
அளவு ஜாடியை டியூப்லைட்டுக்கு நேரே பிடிக்கிறேன்.
நேற்று நானூறு.
இன்று அறுநூற்று ஐம்பது,
இன்னும் கலங்கல்தான்.