தோல் உரியாமல்

கேத்தி பாலாடாவில் ராத்திரி ஒன்றரை.
டிரம் சுற்றுகிறது.
மண்ணோடு கொட்டிய கேரட்
மஞ்சளும் இல்லாத சிவப்பும் இல்லாத
அதன் நிறத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

பதினோரு வருஷமாக இந்த மிஷினுக்கு நான்தான் ஆள்.
எப்போது நிறுத்துவது என்று என் காதுக்குத் தெரியும்.
மண் உதிரும்வரை கரகரவென்று பேசும்.
பிறகு பேச்சு வழுக்கும்.
அங்கேயே சுவிட்சை அணைக்க வேண்டும்.
அரை நிமிஷம் ஏமாந்தால் தோல் உரியும்,
உரிந்த சரக்கு மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் கறுக்கும்,
மண்டியில் கிலோவுக்கு மூன்று ரூபாய் போகும்,
முதலாளி போஜன் போனில்
என்னைப் பரம்பரையோடு கழுவுவார்.

இத்தனை கேரட்டில் ஒன்றை
நான் கடித்து இரண்டு வருஷம்.

இடது பக்கம், மேலே, கோரைப் பல்லுக்குப் பின்னால்.
உறைபனி மாதங்களில் வாய் திறந்தாலே
காற்று ஊசியோடு உள்ளே வரும்.
டீயைக்கூடத் தலையைச் சாய்த்து
வலது பக்கமாகத்தான் குடிப்பேன்.
"யாரைப் பார்த்துக் கழுத்தை வெட்டுற?" என்பாள்
மூட்டை தைக்கும் லில்லிபுஷ்பம்.

சொத்தைதான், பிடுங்கிவிடலாம் என்று
பணத்தை எண்ணிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
குன்னூரில் மாடிப்படி ஏறினேன்.
டாக்டர் நஸ்ரின் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.
"சொத்தை இல்லீங்க.
தேய்ச்சுத் தேய்ச்சே வெட்டியிருக்கீங்க."

ஈறு மேலே ஏறிப்போய்
பல்லின் கழுத்தில் ஒரு பள்ளம்,
கோடாலி முதல் போடு போட்ட கற்பூர மரம் போல.

என்ன பிரஷ் என்று கேட்டார்.
இருப்பதிலேயே கெட்டியானது என்றேன்.
எவ்வளவு நேரம்?
காலையில் பத்து நிமிஷம், அழுத்தி.
கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.
"ராத்திரி?"
ராத்திரி கிடையாது.
ராத்திரி நாலு டீ, எட்டு வர்க்கி.

அவர் திட்டவில்லை. எனக்குத்தான் கேட்டது
டிரம் சத்தம்.
சுற்றவிட்டுவிட்டுத்
தூங்கிப் போயிருக்கிறேன் இத்தனை காலம்.

பள்ளம் இனித் தானாக மூடாதாம்.
வெள்ளையாக ஏதோ வைத்து அடைத்தார்.
பிரஷ்ஷைப் பேனா மாதிரி பிடிக்கச் சொன்னார்.
ஈறும் பல்லும் சேரும் வரப்பில் சாய்த்து வைத்து
சின்னச் சின்ன வட்டம்.
இரண்டு நிமிஷம். படுக்கும் முன்னால் கட்டாயம்.

ஆலும் வேலும் என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தவன்தான் நானும்.
ஏழாயிரம் அடியில் ஆல் ஏது, வேல் ஏது?
சைப்ரஸ் குச்சியைக் கடித்தால்
பிசின்தான் வாயை ஒட்டும்.
மெடிக்கலில் நாற்பத்தைந்து ரூபாய்க்கு
பூனை மீசை போல ஒன்று கொடுத்தார்கள்.
முதல் நாள் வாய்க்குள் வைத்தபோது
தேய்க்கிற மாதிரியே இல்லை,
தேய்ப்பதாகப் பொய் சொல்கிற மாதிரி இருந்தது.

எனக்குப் படுக்கை விடிந்த பிறகுதான்.
நாலரை மணிக்குக் கடைசி லோடு ஏறியதும்
லாரியின் பக்கக் கண்ணாடியில் பனியைத் துடைத்துவிட்டு நிற்பேன்.
குழாய்த் தண்ணீரோடு
கெட்டில் வெந்நீர் கொஞ்சம்.
"பொண்ணு பார்க்கப் போறியா?" என்பார் டிரைவர் சடையப்பன்.
நுரையோடு பதில் சொல்ல முடியாது.
இரண்டு நிமிஷம் என்பது
லில்லிபுஷ்பம் நாலு மூட்டை தைக்கும் நேரம்.
சில நாள் அவள் ஐந்து தைத்துவிடுகிறாள்,
நான் நாலிலேயே நிறுத்திக்கொள்கிறேன்.

கை இன்னும் மறக்கவில்லை.
கோபம் வந்த நாளில் தானாக அழுத்தப் பார்க்கிறது.

நேற்று, மாட்டுக்கு ஒதுக்கிய குவியலில்
முனை உடைந்த ஒன்றை எடுத்தேன்.
கழுவிய ஈரம் காயவில்லை,
தோல் எங்கும் உரியவில்லை.
இடது பக்கம் கொண்டுபோனேன்.
சடையப்பன் ஹாரன் அடித்தார்.

ஸ்வெட்டர் பையில் இருக்கிறது.
இன்னும் கடிக்கவில்லை.