மிச்சக் காசு

கதவு இருக்கிறது, பூட்டு இருக்கிறது,
குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது.
பொய் சொல்லக் கூடாது.
பதினோராம் மாடி யன்னலில் நின்றால்
களனி ஆறு கடலில் விழுவது தெரியும்.
கொம்பனித்தெருவில் எனக்கு
ஆறும் இல்லை, கடலும் இல்லை.
வேலைக்குப் போக
ஒன்பது நிமிஷ நடை இருந்தது.

அதை எந்தப் பத்திரத்திலும் எழுதவில்லை.
மதிப்பிட வந்தவர்கள் சுவரை அளந்தார்கள்,
கூரைத் தகரத்தை எண்ணினார்கள்,
கக்கூசு பொதுவா தனியா என்று கேட்டார்கள்.
ஒன்பது நிமிஷத்துக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

இப்போது
நாலேகாலுக்கு எழும்பி
லிஃப்ட் வேலை செய்தால் லிஃப்டில்,
இல்லாவிட்டால் இருநூற்றிரண்டு படி இறங்கி
மட்டக்குளிச் சந்தியில் நிற்கிறேன்.
ஐந்து மணி பஸ் ஐந்துக்கும் வரும்,
ஐந்தே முக்காலுக்கும் வரும்,
போயா நாளில் வராமலே விடும்.
கோட்டையில் இறங்கி
இன்னொன்றில் தொங்க வேண்டும்.
"இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று கத்துகிறான்.
முன்னால் போகத்தானே அண்ணே
இத்தனை பேரும் நிற்கிறோம்.

ஏழாம் மாடி யாகூப் நானாவுக்குச்
சீனி வருத்தத்தில் இடது கால் போனது.
பஸ்ஸில் ஒரு சீட்டுக்கு மேல்
அவருக்கென்று படம் ஒட்டியிருக்கிறது,
நீலத்தில் வெள்ளைச் சக்கர நாற்காலி.
படத்துக்கும் தெருவுக்கும் நடுவில் மூன்று படி.
சாரதி இரண்டாவதிலேயே கிளப்பிவிடுவான்.
கிளினிக் நாளுக்கு த்ரீவீல் கூப்பிட்டுக் கொடுத்தோம்.
போனில் சின்ன வண்டி
கோயிலடி வரைக்கும் அசைந்து அசைந்து வந்தது.
பிறகு எங்கள் முகவரியை வாசித்ததோ என்னவோ,
திரும்பிவிட்டது.

போன வியாழக்கிழமை எனக்கு ஓவர்டைம்.
எட்டாம் மாடியில் பெரிய கூட்டம்,
பஸ், ரயில் பற்றியாம் என்றான் பியூன் சுமிந்த.
ஏழு மணிக்கு முடிய வேண்டியது
கேள்வி நேரம் நீண்டு எட்டே முக்கால்.
கூட்டம் கலைந்தால்தான் நான் கூட்டலாம்.
வாளியோடு வெளியே நின்றேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை
என் போன்றவர்களின் கடைசி பஸ்ஸைப் பற்றி
நன்றாகத்தான் பேசினாள்,
பாதி இங்கிலீஷ், பாதி சிங்களம்.
விளங்கியது. கொஞ்சம் கண்ணும் கலங்கியது.
அவள் பேசி முடிக்க
அது போயிருந்தது.

வெள்ளைப் பலகையில் கொழும்பு.
பச்சை, செம்மஞ்சள், நீலக் கோடுகள்.
வெள்ளவத்தை இருந்தது, நுகேகொடை இருந்தது,
பத்தரமுல்லைக்கு இரண்டு கோடு.
நீலத்தில் விரலை வைத்து வடக்கே போனேன்.
கொட்டாஞ்சேனை தாண்டியதும்
விரல் ஒரு பெட்டியில் முட்டியது.
எந்த நிறம் எதற்கு என்று
விளக்கம் எழுதிய பெட்டி.
வேறு இடம் இல்லாமல்
எங்கள் மேல் போட்டிருந்தார்கள்.

அழிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.
அழித்தேன்.
பெட்டியைத்தான் முதலில்.
அடியில் ஒன்றும் இல்லை,
பலகையின் வெள்ளைதான்.

தட்டில் மிஞ்சிய இரண்டு பற்றீஸைத்
தாளில் சுற்றிக்கொண்டு நடந்தேன்.
புறக்கோட்டை தாண்டும்போது ஒன்று.
மற்றதை யாகூப் நானாவுக்கென்று வைத்திருந்து,
மோதரை வரும்போது பசித்து
அதையும் தின்றுவிட்டேன்.

அன்று காலை கொண்டக்டர்
சில்லறை இல்லை என்று
டிக்கெட்டின் பின்னால் முப்பது என்று கிறுக்கித் தந்தான்.
நெரிசலில் வாங்காமலே இறங்கிவிட்டேன்.
துண்டு இன்னும் பையில் இருக்கிறது.
பெயரில்லை, கையெழுத்தில்லை, முப்பது மட்டும்.
அதற்குக் கீழே
ஒன்பது என்று நான் எழுதியிருக்கிறேன்.
யாரிடம் கேட்பது என்று தெரியும் நாளில்
இரண்டையும் சேர்த்துக் கேட்பேன்.