ஹன்னிகட்டின் கையுறை

ஒடெல் டார்ப்லி போகிறான்.
பதினொரு சீசன் ஒரே அறையில் இருந்தோம்,
சலவை எந்திரங்களுக்குப் பக்கத்து அறை, ஜன்னல் கிடையாது.
அவன் அடிக்கச் சொல்லிக்கொடுப்பவன்.
நான் அடிக்க முடியாதபடி வீசச் சொல்லிக்கொடுப்பவன்.
ஒரே காபிக் குடுவை, ஒரே கரப்பான்,
தொழில் மட்டும் எலியும் பூனையும்.

மட்டையோடு பத்துப் பேர் வந்தால்
ஏழு பேர் எனக்கு, மூன்று பேர் அவனுக்கு.
ஊர் அந்த மூன்றுக்குத்தான் எழுந்து நின்று கை தட்டும்.
வயிறெரிந்து சொல்லியிருக்கிறேன் அவனிடம்.
"அந்த ஏழு பேரையும் தூங்கவைப்பது யாராம்?" என்பான்.

உண்மைதான்.
பெனாவிடெஸ் இருபத்தாறு முறை
வெறுங்கையோடு திரும்பிய ஆகஸ்டில்
அவனை வலைக்கூண்டுக்குள் அழைத்துப்போனான் டார்ப்லி.
மட்டையைத் தொடவிடவில்லை.
பந்து வாளிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து
இருவரும் ஒரு தர்ப்பூசணியைத் தின்றார்கள்.
விதை துப்பும் சத்தம் மட்டும்
என் அறைவரை கேட்டது.
மறுநாள் அடித்தானா என்றால், இல்லை.
அதற்கு மறுநாளும் இல்லை.
மூன்றாம் நாள் மழை.
நான்காம் நாள் அவன் அடித்த பந்தை
ஆற்றோரக் கார் நிறுத்தத்தில் யாரோ கண்டெடுத்தார்கள்.

அக்டோபரில் தெரிந்தது, மன்சிக்குப் போகிறான்.
எங்கள் பிரிவிலேயே இருக்கிற அணி,
வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை மோதுவோம்.
மேனேஜரிடம் சம்பளம் என்றான்.
பையன்களிடம் மனைவியின் வேலை என்றான்.
சலவை பார்க்கும் மார்வாவிடம்
சாகினாவைவிட அங்கே பனி குறைவு என்றான்.
ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்றி
சட்டை நுனியில் துடைத்தான்.
சீட்டாட்டத்தில் கையில் ஒன்றுமில்லாதபோது
அவன் செய்வது அது.
என்னிடம் காரணமே சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை,
கேட்டால் துடைப்பானே என்று.

சாமான் அதிகமில்லை.
ஒரு மேசை விசிறி, முதுகுவலித் தைலம்,
பெனாவிடெஸ் உடைத்த மட்டையில் ஒரு துண்டு.
தூறலில் நனைந்தபடி ஏற்றினோம்.
வண்டிக் கதவைத் திறந்தவன் ஏறாமல் நின்றான.

"ஹன்னிகட்" என்றான்.
"ஹன்னிகட்டுக்கு என்ன?"
"ஸ்லைடர் போடுவதற்கு முன்னால் அவன் கையுறை விரியும்.
ஒரு விரற்கடைதான். கோழி இறக்கையை உதறுகிற மாதிரி.
ரெண்டு வருஷமாகத் தெரியும் எனக்கு."

தூக்கிவாரிப்போட்டது.
ரெண்டு மார்ச் மாதம், பயிற்சி ஆட்டங்களில்
இவன் பையன்கள் ஹன்னிகட்டைத் துவைத்துக் காயப்போட்டார்கள்.
தோற்றவன் காலைச் சாப்பாடு வாங்கவேண்டும் என்பது பந்தயம்.
எத்தனை பான்கேக், எத்தனை முட்டை!
"திருட்டுப் பயலே" என்றேன்.
"வெளி அணி எவனாவது கண்டுபிடித்திருந்தால்
அன்றைக்கே சொல்லியிருப்பேன்.
ஹன்னிகட் வீசிய நாளெல்லாம்
நான் எதிர் டக்அவுட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்."
கண்ணாடியைத் தொடவில்லை.

மன்சியில் அந்த ஒரு வார்த்தை
அவனுக்குப் பன்னிரண்டு ஆட்டம்.
அதை என் கையில் வைத்துவிட்டு
வண்டியைப் பின்னால் எடுத்தான்,
வழக்கம்போலக் குப்பைத்தொட்டியை இடித்தான்,
இறங்கிப் பார்க்காமல் போனான்.

அறையில் இப்போது கரப்பானும் நானும்.
புதிதாக வருபவன் முப்பது வயதாம்,
நல்லவன் என்கிறார்கள், இருக்கட்டும்.
ஹன்னிகட்டைத் தினமும் கண்ணாடி முன் நிறுத்துகிறேன்.
கையுறை அடங்கிவிட்டது.

ஏப்ரலில் மன்சியில் முதல் ஆட்டம்.
ஒரே ஒரு பந்துக்கு மட்டும்
பழையபடி விரிக்கச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.
கோழி இறக்கையை உதறும்.
வருவதோ நேர்ப்பந்து, மின்னல் வேகத்தில்.
மைதானத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்காது.
எதிர் டக்அவுட்டில் ஒருவன்
குனிந்து, தொப்பியால் முகத்தை மூடி,
தோள் குலுங்கக் குலுங்க.