கூரையிலிருந்து இறங்கியவை

மே மாதம் பழைய ஆய்வகத்தின் கூரைமேல்
பத்துத் துண்டுகளை ஏற்றி வைத்தோம்.
"வால்டிவியா மழைக்குச்
சான்றிதழ் படிக்கத் தெரியாது" என்றாள் இக்னாசியா,
உதட்டில் ஆணியைக் கவ்விக்கொண்டே.

பிறகு மழை. ஜூன் முழுக்க மழை.
ஆற்றோரம் கடற்சிங்கங்கள்கூட
அலுத்துப்போய்க் கத்தின.

செப்டம்பரில் இறக்கினோம்.
மூங்கில் பலகை கருத்திருந்தது.
நான்கு நட்சத்திரம் வாங்கிய பலகை;
கப்பலில் அது வந்த தூரத்தை
எந்த நட்சத்திரத்தில் கழித்தார்களோ.
மறுசுழற்சிப் பிளாஸ்டிக் மட்டும்
வந்த நாள் போலவே சிரித்தது.
யாரும் திருப்பிச் சிரிக்கவில்லை.
சூட்டில் வாட்டிய பைன்
வெள்ளியாய் நரைத்திருந்தது.
பொருளாளர் பர்ரியெந்தோஸுக்கு அது நோய்,
இக்னாசியாவுக்கு அது நிறம்.
இந்த ஒரு வழக்கில்
இரண்டு முறை காபி ஆறியது.

கோப்பைகளை எடுக்க வந்தாள்
துப்புரவுப் பணியாளர் எதுவிகிஸ் காத்ரிலேஃப்.
மேசையடியில் கிடந்த தரை மாதிரிகளைக் கண்டு
குந்தி உட்கார்ந்தாள்.
ஈரத்துணியால் ஒரு இழுப்பு.
வினைலைத் தள்ளினாள்.
ஆளி விதை எண்ணெயில் செய்த லினோலியத்தை
முகர்ந்தாள், மறுபடி முகர்ந்தாள்.
"இதற்கு அந்த நீல மருந்து வேண்டுமா?"
வேண்டாம் என்றேன்.
வெடித்த விரல்களைக் காட்டினாள்.
முறையீடு இல்லை அதில்,
விலைச்சீட்டைக் காட்டுவது போலத்தான்.

என் அட்டவணையில்
கரியமிலம் இருந்தது, பேசோ இருந்தது,
ஆயுள் ஆண்டில் இருந்தது.
அன்று மாலை ஒரு கட்டம் கூட்டினேன்:
துடைப்பவர் கை.

இனி எண்ணிக்கைச் சிக்கல்.
ஏற்றியது பத்து, இறங்கியது பதினொன்று.
எண் இல்லாத ஒரு மெல்லிய மரச்சில்,
வளையவில்லை, உளுக்கவில்லை,
விளிம்பில் விரல்நகமளவு பாசி.
எல்லாவற்றிலும் தேறியது அதுதான்.
விற்பவர் யார் என்று
மூன்று கம்பெனிகளுக்கு எழுதிவிட்டேன்.

இக்னாசியா புரட்டிப் பார்த்தாள்.
"இது மாதிரி இல்லை. கூரை.
அலெர்சே மரம்."
சட்டம் இனி வெட்ட விடாத மரம்,
ஒரு முழம் பருக்கவே
பல தலைமுறை கேட்கும் மரம்.
நாங்கள் இடிக்க ஒப்பந்தம் போட்டிருப்பது
அது போர்த்திய கட்டடத்தை.

ஒப்பந்தத்தில் "இடிக்க" என்ற சொல்லை அடித்து
"கழற்ற" என்று எழுதினாள்.
பர்ரியெந்தோஸ் பெருமூச்சு விட்டார்,
செலவு ஏறும் பெருமூச்சு.
சான்றுக்கு அந்தச் சில்லைப் படமெடுக்கத் தேடினேன்.
மேசையில் இல்லை.

காற்றில் கதவு அடித்துக்கொண்டே இருந்ததால்
எதுவிகிஸ் எப்போதோ அதை
இடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தாள்.
கதவு அசையவில்லை.