சிறுகுறிப்பு வரைக

பரமேஸ்வராச் சந்தியில் மழை விட்டு
ஓட்டோக்கள் கத்தத் தொடங்கியபோது
முப்பத்தெட்டாவது விடைத்தாளில் இருந்தேன்.

நாலாம் வினா:
இலங்கைப் பழங்குடிகளின் வாழ்வும் வழக்காறும் பற்றிச்
சிறுகுறிப்பு வரைக. பத்துப் புள்ளி.

முப்பத்தேழு பேரும்
என் குறிப்பையே எனக்குத் திருப்பித் தந்திருந்தார்கள்.
தேன் எடுத்தனர்.
வேட்டையாடினர்.
இறந்தோரைத் தெய்வமாய் வணங்கினர்.
னர் னர் என்று
தகரத்தில் சொட்டும் மிச்ச மழைபோல
வரிக்கு வரி ஒரு சாவு.
அந்த விகுதி நான் கொடுத்தது.
புதன்கிழமை, காலை எட்டு மணி,
புரொஜெக்டர் சூடேறும்வரை
பலகையில் எழுதிப் போட்டது.

முப்பத்தெட்டாவது ஆளுக்கும் பெயரில்லை,
சுட்டெண்தான்.
முதல் வரி: அவர்கள் தேன் எடுத்தனர்.
அதில் 'அவர்கள்' வெட்டி
மேலே 'நாங்கள்'.
அதையும் வெட்டி
ஓரத்தில், சின்னதாய், திரும்பவும் 'அவர்கள்'.
மூன்றும் ஒரே நீலப் பேனா.
இரண்டாவது வெட்டுத்தான்
தாளைக் கிழித்திருக்கிறது.

பிறகு எல்லாம் ஒழுங்கான விடை.
நடுவில் ஓரிடம் மட்டும் பேனா வழுக்கியிருக்கிறது:
"பெரியப்பாவின் மோட்டார் சைக்கிளில்
தண்ணிக் கான் இரண்டு கட்டுவோம்.
செக்பொயின்ற்றில் அடையாள அட்டை காட்டுவோம்.
மறுகா காட்டுக்குள் இறங்குவோம்."

மறுகா.
கை பழக்கதோஷத்தில் சிவப்பால் கோடிட்டுவிட்டது.
பக்கத்தில் 'பேச்சுவழக்கு' என்றும் எழுதிவிட்டது.

முதலாம் வருடம்,
மூன்றாம் வாங்கு, விசிறிக்குக் கீழே,
வெருகல் பக்கத்துப் பெடியன் ஒருவன் எழும்பி
"மறுகா என்ன நடந்த மிஸ்?" என்றான்.
வகுப்பு சிரித்தது.
நான் சிரிக்கவில்லை என்றுதான்
இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.
பேந்து அவன் ஒன்றும் கேட்டதில்லை.
பேந்து என்று எழுதுகிறேன், பாருங்கள்,
எனக்கு ஆர் கோடு போட?

அன்றைக்குத் திரையில் இருந்த படம்:
மேற்சட்டை இல்லாத ஒருவர்,
தோளில் கோடரி.
எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டார்கள்.
பட்ச் ரீசேட் போட்டிருந்த அவன்
படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்,
பஸ் தரிப்பில் தெரிந்த முகத்தைக் கண்டு
கூப்பிடுவதா விடுவதா என்று
யோசிப்பவனைப்போல.

எங்கள் ஊரில் பூர்வீகம்
அலுமாரியின் மேல்தட்டில்
பொலித்தீன் பைக்குள் இருக்கிறது.
எத்தனை பரப்பு, வான்பயிர் எத்தனை,
கிணற்றில் எத்தனையில் ஒரு பங்கு,
வடக்கெல்லை ஆருடைய வளவு,
எல்லாம் எழுதிய உறுதி.
அதற்கு முந்தி அங்கே ஆர் என்று
எந்த நொத்தாரிசும் கேட்டதில்லை,
எங்கள் கிணற்றில் ஆர் அள்ளக்கூடாது என்பதுபோல
அதுவும் எழுதாமலே விளங்கும்.
மேடை ஏறினால் நாங்கள் ஆதிக்குடி.
வகுப்புக்குள் வந்தால் அவர்கள் பழங்குடி.
ஆதிக்கும் பழசுக்கும்
எத்தனை புள்ளி வித்தியாசம்?

புள்ளித் திட்டத்தை எடுத்துப் பார்க்கிறேன்.
வாழிடம் இரண்டு. தொழில் இரண்டு.
வழிபாடு மூன்று.
இன்றைய நிலை மூன்று:
'அருகி வருகின்றனர்' என்று எழுதினால் முழுப்புள்ளி.

அருகில்தான் இருந்தான்.
மூன்றாம் வாங்கில்.

இன்றைய நிலை என்று தலைப்பிட்டு
அடிமட்டம் வைத்துக் கோடும் கீறியிருக்கிறான்.
கீழே ஒன்றுமில்லை.
நேரம் போதவில்லையோ,
என்னைப் பார்த்து எழுதாமல் விட்டானோ.
அரைப் பக்கம் வெள்ளையாய்க் கிடக்கிறது.
அதில் என் தேத்தண்ணிக் கோப்பையின் வட்டம்
எப்போது விழுந்தது என்று தெரியவில்லை.

ஃபோன் அடிக்கிறது.
இரண்டாம் திருத்துநர், தில்லைநாயகி மிஸ்.
"முடிஞ்சுதே?"
"ஒண்டு கிடக்கு."
"அதுக்கு எத்தினை போட்டனீர்?"
"இன்னும்
வாசிச்சு முடியேல்லை."