முப்பத்தைந்து நிமிடம், கழித்தல் ஒரு நாள்

ஆபியாவிலிருந்து பாகோ பாகோவுக்கு
நூற்று முப்பது கிலோமீட்டர் சொச்சம்.
பறக்கும் நேரம் முப்பத்தைந்து நிமிடம்,
எதிர்க்காற்று இருந்தால் நாற்பது.
வியாழன் ஏறினால் புதன் இறங்கலாம்.
தேதிக் கோடு நடுக்கடலில் எங்கோ கிடக்கிறது,
விமானி உட்பட ஒருவரும் பார்த்ததில்லை.

என் வேலை அதற்கு முன்பே முடிந்துவிடும்.
ஆளை நிறுப்பேன், பெட்டியை நிறுப்பேன்,
கனத்தவரை இறக்கையோரம் உட்காரச் சொல்வேன்.
சின்ன விமானம், பத்தொன்பது இருக்கை.
எடையைச் சத்தமாக வாசிக்காதே என்று
வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்.

அந்த வியாழன் காலை
லகிமா தராசில் ஏறினாள். எண்பத்துநாலு.
பையில் ஒரே ஒரு கறுப்பு லாவாலாவா,
முந்நூறு கிராம்.
யாருக்கு என்றேன்.
"தம்பி சியவோசி. விடிகாலை நாலு பன்னிரண்டு.
அவன் பெண்டாட்டி அங்கே
சூரைமீன் டப்பா ஆலையில் இருக்கிறாள்.
போனில் சொல்கிற சேதியா இது?"

விமானம் கடலுக்கு மேல் திரும்பிய பிறகுதான்
எனக்கு உறைத்தது:
அவள் இறங்கும் ஊரில் இன்னும் புதன்.
சாவுக்கு ஒரு நாள் முந்தி
சாவுச் செய்தி போய்ச் சேரும்.

வெள்ளிக்கிழமை திரும்பினாள், பெனினாவோடு.
அங்கே தங்கியது ஒரே ராத்திரி.
பெட்டி வரும்வரை நின்று சொன்னாள்:

ஆலை வாசலில் ரப்பர் பூட்ஸோடு,
கையுறை கழற்றாமல்
"எப்போது?" என்றாளாம் பெனினா.
"வியாழன்."
சுவர் நாட்காட்டியை ஒருமுறை பார்த்தாளாம்.
உள்ளே போய்
மிச்ச மீனையும் நறுக்கி முடித்துவிட்டுத்தான் வந்தாளாம்.

அன்று மாலை முழுக்க
அவனை நிகழ்காலத்திலேயே பேசினார்கள்.
தேங்காய்ப்பாலில் உப்பு கூடினால் முகம் சுளிக்கிறான்,
குறட்டை விடுகிறான்,
பஸ்ஸில் சில்லறை வாங்க மறக்கிறான்.

இரவு படுக்கவில்லை.
மழை. சமையலறைக் கடிகாரம்.
மூன்று ஐம்பது. நாலு.
நாலு பத்துக்குப் பெனினா எழுந்து
கதவைத் தாழிட்டாளாம்.
நாலு பன்னிரண்டு வந்தது,
செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நின்றது,
போனது.
யாரும் சாகவில்லை.
நாலு பதிமூன்றுக்குத்தான்
இரண்டு பேரும் அழுதார்களாம்.

வருகிற வழியில் ஒரு நாள் குறையும்.
யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்கும் கட்டம்
என் படிவத்தில் இல்லை.

இறங்கி வருபவரை நாங்கள் நிறுப்பதும் இல்லை.
ஆனால் பெனினா,
அந்த முந்நூறு கிராம் கறுப்பை உடுத்திக்கொண்டு,
யாரும் அழைக்காமலே தராசில் ஏறி நின்றாள்.
"எவ்வளவு?" என்றாள்.

எழுபத்தொன்று என்றேன்,
சத்தமாக.