தலைக்கணக்கு

வோனோசாரியில் ஏறும்போது முப்பத்திரண்டு.
பாலத்தடியில் ஒருவன் வாந்தியெடுக்க நிறுத்தினேன்,
அப்போதும் முப்பத்திரண்டு.
டீச்சர் புர்வந்தி பெயர் வாசிப்பார்.
நான் தலைதான் எண்ணுவேன்.
பஸ் ஓட்டுகிறவனுக்குப் பெயர் எதற்கு.

யோக்யகர்த்தாவில் மழை.
வண்டியிலேயே உட்கார்ந்தால் கண்ணாடியெல்லாம் ஆவி படியும்
என்று நானும் உள்ளே போனேன்.
காவலர் துகிரான் டிக்கெட் கேட்கவில்லை,
செருப்பைத்தான் பார்த்தார்.
"துடைச்சிட்டு வாங்க."

கண்ணாடிப் பெட்டிக்குள் ராஜாக்கள்.
எல்லாருக்கும் பக்கவாட்டு முகம், ஒற்றைக் கண்,
முழங்காலைத் தாண்டித் தொங்கும் கை.
சீட்டில் எழுதியிருந்தது:
தோல், எருமை. பிடி, எருமைக் கொம்பு.
ஆக, ராஜாவின் மார்பும் எருமை,
முதுகெலும்பும் எருமை.
மேலே பூசிய பொன் மட்டும் வேறு ஆள்.
என் மாமனார் மாட்டுத் தரகர்.
ஒரு நல்ல எருமைக்கு எத்தனை ராஜா தேறுவார்கள் என்று
நின்றபடியே கணக்குப் போட்டேன்.
பதினைந்து சொல்லலாம்.
கழுத்துத் தோல் மந்திரிகளுக்கு.

நல்லவர்கள் வலது, மற்றவர்கள் இடது,
உயரவாரியாக, நடுவில் இலை வடிவத்தில் மலை.
அவர்களைக் குத்தி நிறுத்திய வாழைத்தண்டு பிளாஸ்டிக்.
நிஜத் தண்டு வைத்தால் எறும்பு வருகிறதாம்.
ஒலிபெருக்கியில் கமெலான் இசை,
நாலு நிமிடத்துக்கு ஒருமுறை
ஒரே மணியில் இடறி மறுபடி முதலிலிருந்து.

பன்னிரண்டரைக்கு வாசலில் எண்ணினேன்.
முப்பத்தொன்று.
இன்னொரு தடவை.
முப்பத்தொன்று.
டீச்சர் பெயர் வாசித்தார்.
"கினந்தி" என்றபோது யாரும் கை தூக்கவில்லை.

கழிப்பறை. புத்தகக் கடை. குத்துவாள் அறை.
முகமூடி அறையில் குழந்தையைத் தேடக்கூடாது,
ஒவ்வொன்றும் தெரியும், சொல்லமாட்டேன் என்கிற மாதிரி பார்க்கிறது.
கூப்பிடக் கூப்பிட டீச்சரின் குரல் மெலிந்தது.

மாலைக் கூத்துக்கான கூடத்தில் திரை கட்டியிருந்தது.
யாரும் ஆட்டாத நேரம்.
ஆனால் விளக்கு எரிந்தது,
திரையில் ஒரு நிழல்,
ராஜாக்களைப்போல் இரண்டு மடங்கு.
மகுடத்தில் சித்திரத் துளை ஒன்றுகூட இல்லை,
தலைத்துணிதான் அப்படி விழுந்திருக்கிறது.
தோள் வாரில் தண்ணீர் பாட்டில்.
கை மெதுவாக வாய்க்குப் போனது.
மொறுக்.

துகிரான் கத்த வாயெடுத்தார்.
அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்,
ஏனென்று இப்போதும் தெரியாது.
நிழல் இன்னொரு இறால் அப்பளம் எடுத்தது.
கடித்த இடத்தை வெளிச்சத்தில் பார்த்தது.
பக்கத்தில் நின்ற ராஜாவின் வாயருகே நீட்டியது,
கொஞ்சம் பொறுத்தது,
அவர் வேண்டாமென்றதும் தானே தின்றது.
டீச்சர் ஓடிவந்து
எங்களுக்குப் பின்னால் நின்றார். அவரும் பேசவில்லை.
மூன்று பெரியவர்கள், நனைந்த காலோடு,
திரைக்கு இந்தப் பக்கம்.

பிறகு திட்டினார்.
நன்றாகவே திட்டினார்.

வண்டியை எடுக்குமுன் எண்ணினேன்.
முப்பத்தொன்றும், கினந்தியும்.

மலைப்பாதை ஏறுவதற்குள் பாதிப்பேர் தூக்கம்.
கண்ணாடியில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது.
"டிரைவர் மாமா, அங்க நான்தான்னு
எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"
"பாட்டிலை வச்சு" என்றேன்.
இரண்டு வளைவு தூரம் யோசித்தாள்.
"அது எங்க அக்காவோடது."